புகைக்கூட்டுக்குப் பக்கத்து அறை

குரோருட், ஒஸ்லோ
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள மிதுனாவுக்கு,

இந்தக் கடிதம் அம்மாவின் தீர்ப்பு. விமான நிலையத்தில் நீயும் நானும் போட்ட சத்தத்துக்கு ஒரு காவலாளி வந்து பக்கத்தில் நின்றான். அதற்குப் பிறகு போனிலும் மூன்றாவது வசனத்தில் சண்டை வந்துவிடுகிறது. "ரெண்டு பேரும் இனி எழுதிக் கதையுங்கோ, கடதாசியிலை சத்தம் வராது" என்று அம்மா சொல்லிவிட்டா. ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் கணக்கில் விழுந்தவன் நான். கணக்கு வராத இடத்தில் நன்றாக எழுதுவேன் என்று நம்பு.

உன்னைத் துரொண்ட்ஹைமுக்குக் கட்டடம் படிக்க அனுப்பினேன். கொங்கிரீட் படித்த பிள்ளை, எட்டு மாதக் குழந்தை யாழையும் புருசன் நிருஜனையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தில் ஒரு வைக்கோல் கூரைக்குக் கீழே போய்க் குடியிருக்கிறாய். நானோ இருபத்தாறு வருடமாக இந்தக் குடியிருப்பில் வாக்ட்மெஸ்தர். கதவு இறுகினாலும் குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பதினொரு மாடி, எல்லாம் கொங்கிரீட். ஒருவர் வீட்டில் அடுப்பு பற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் மணத்தை மட்டும் குறை சொல்லுவார். எனக்கு அதுதான் வீடு.

வைக்கோல் கூரை என்றால் எனக்குப் பயம். ஏன் என்று கேட்காதே.

ஆனால் போய்விட்டீர்கள். ஆகவே ஒன்றாவது ஒழுங்காகச் செய். பால் காய்ச்சினாயா? நீ இல்லை என்றுதான் சொல்லுவாய். புது வீட்டில் பால் பொங்கினால்தான் அந்த வீடு உங்களை ஏற்றுக்கொள்ளும், நெருப்பும் நீரும் ஒன்றும் செய்யாது. விறகு அடுப்பில் காய்ச்சவேண்டும். நல்லாய் எரியவேண்டும், பால் நாலு பக்கமும் வழியவேண்டும். மின்சார அடுப்பில் வழியவிட்டால் அதற்குப் பெயர் பால் காய்ச்சுதல் இல்லை, கவனக்குறைவு.

யாழுக்கு ஒரு கொஞ்சல். நிருஜனுக்கு மாமா கேட்டதாகச் சொல்லு.

அப்பா


ஆஷ்மியர், சஃபோக்
20 ஒக்டோபர் 2024

அன்பின் அப்பாவுக்கு,

தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைகளில் படித்த தமிழ் இது. பிழை இருந்தால் அம்மாவிடம் காட்டவேண்டாம்.

நீங்கள் 'வைக்கோல் வீடு' என்று சொல்லும்போது ஏதோ மாட்டுக்கொட்டில் மாதிரிக் கேட்கிறது. இந்த வீடு நானூறு வருடமாக நிற்கிறது. உங்கள் புளொக்குக்கு வயது ஐம்பது, அதற்கே பல்கனி திருத்துகிறார்கள். வீட்டின் எலும்பெல்லாம் ஓக் மரம். ஒரு ஆணி இல்லை. மரத்துக்குள் மரத்தைச் செருகி, மர முளை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். பச்சை மரமாக இருக்கும்போதே வெட்டிப் பூட்டியதால், காயக் காய அது தானே முறுகி இன்னும் இறுகிவிட்டது. அதனால் ஒரு தளமும் நேர் இல்லை. யாழின் பந்தை எங்கே வைத்தாலும் அது புகைக்கூட்டுப் பக்கம்தான் உருளும். தூண்களுக்கு நடுவில் கம்பு பின்னி, களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசின சுவர். கதவு நிலைகள் உங்கள் நெற்றி உயரம், நிருஜன் முதல் நாளே மூன்று தரம் இடித்தான்.

கூரையைக் கைவைத்துப் பார்த்தால் பயம் போய்விடும், அப்பா. ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. பழையதைக் கழற்றாமல் அதன் மேலேயே புதியதை வேய்ந்து வேய்ந்து வந்திருக்கிறார்கள். அடியில் இருக்கிற வைக்கோல் கரிக் கறுப்பு. முதலில் புகைக்கூடே இல்லை, வீட்டு நடுவில் நெருப்பு, புகை கூரைக்குள்ளால் போனது. புகைக்கூடு பிறகு கட்டியது. அது வீட்டு நடுவால் ஏறி வைக்கோலுக்குள்ளால் வெளியே போகிறது.

பெரிய அடுப்புக்கு மேல் ஒரு உத்தரம். அதில் கண்ணீர்த் துளி மாதிரிக் கருகின அடையாளங்கள், பதினேழு. தற்செயலாக எரிந்தவை இல்லை. மெழுகுதிரியை வேண்டுமென்றே பிடித்து எரித்திருக்கிறார்கள். கொஞ்சம் நாமே எரித்துக் கொடுத்தால் பெரிய நெருப்பு வராது என்று நினைத்தார்களாம். பழைய வீடுகளைப் பரிசோதிக்கிற என் வேலையில் இப்படிப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், சொந்த வீட்டில் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

சரி, உங்கள் கட்டளை. போன ஞாயிறு பால் காய்ச்சினோம். அந்தப் பெரிய அடுப்பில், தச்சர் விட்டுப் போன காய்ந்த பலகைத் துண்டெல்லாம் போட்டு, நீங்கள் சொன்ன மாதிரி நல்லாய் எரித்தோம். நெருப்பு உத்தரம் வரை வந்தது. பால் நாலு பக்கமும் வழிந்தது. நிருஜன் கைதட்ட யாழும் தட்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் விறகு போடுகிறோம், ஏனென்றால் மேலே யாழின் தொட்டிலுக்குப் பின்னாலிருக்கும் சுவர் அதில் நல்ல இளஞ்சூடாகிறது. குழந்தைக்குக் குளிரவே இல்லை. பாருங்கள், உங்கள் பாலால் ஒரு நன்மை.

மார்கழி லீவுக்கு வாருங்கள்.

மிதுனா


குரோருட்
29 ஒக்டோபர் 2024

மிதுனா,

இது விரைவுத் தபால். தபால் எடுத்த பிள்ளை, "இது முக்கியமா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே முத்திரையை ஒட்டினாள்.

நேற்று உன் கடிதத்தை ட்வெய்ட்டாவிலிருந்து வரும் வழியில் டி-பானே ரயிலுக்குள் வாசித்தேன். மர முளை வரும் இடத்தில் சிரித்தேன். தொட்டிலுக்குப் பின்னால் சுவர் சூடு என்ற இடத்தில் எழும்பிவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் உனக்குப் போன் எடுத்தேன். நடந்தது உனக்குத் தெரியும். "எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கதைக்காதைங்கோ அப்பா, இது என்ரை தொழில்" என்று வைத்துவிட்டாய். பிறகு பதினொரு தரம் எடுத்தேன். பன்னிரண்டாவது தரம் நிருஜனுக்கு. அவன் நல்ல பிள்ளை, "மாமா, நான் அவவோடை கதைக்கிறன், இனி விறகு போடமாட்டம்" என்றான்.

உன் தொழிலைப் பற்றி எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கட்டடத்தில் ஒரு சுவர் சூடாக இருந்தால், சூடு வரக்கூடாத வழியால் வருகிறது என்று அர்த்தம். அந்தச் சுவருக்குள்தான் புகைக்கூடு போகிறது. அதே புகைக்கூடு அதற்கு மேல் உன்னுடைய முழத் தடிப்பு வைக்கோலுக்குள்ளால் போகிறது. நானூறு வருடம் காய்ந்த வைக்கோல், கீழே கரி பிடித்தது. நீயே எழுதியிருக்கிறாய்.

விறகில் காய்ச்சச் சொன்னது நான். நல்லாய் எரியவேண்டும் என்று எழுதினது நான். நெருப்பு வரக்கூடாது என்று கும்பிடச் சொல்லிவிட்டு நெருப்பைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். என் புத்திக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம், ஓ.எல். இல்லாமலே.

இதை வாசித்ததும் செய்யவேண்டியது: அடுப்பு வேண்டாம். தொட்டிலை அந்த அறையிலிருந்து எடு. புறங்கையால் சுவரைத் தொட்டுப் பார், உள்ளங்கை பொய் சொல்லும். புகைக்கூடு பார்க்கிற ஆளைக் கூப்பிடு.

அந்தப் பதினேழு அடையாளமும் போட்ட ஆட்கள் என்னைவிடப் பயந்தவர்கள். எனக்கு அவர்களைப் பிடித்திருக்கிறது.

அப்பா


ஆஷ்மியர்
6 நவம்பர் 2024

அன்பின் அப்பாவுக்கு,

நேற்று கோலின் என்று ஒருவர் வந்தார். புகைக்கூட்டு வேலைதான் அவருக்கு முப்பது வருடம். சின்னக் கமராவைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கினார். திரையில் பார்த்துக்கொண்டு முதலில் கதைத்தார், பிறகு திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

கூரைக்குள் போகிற இடத்தில் ஒற்றைக் கல் சுவர்தான் இருக்கிறது. கற்களுக்கு நடுவில் பூச்சு இல்லை, உதிர்ந்து போயிருக்கிறது. ஒரு இடத்தில் அவருடைய கமரா வெளிச்சத்தில் வைக்கோல் தெரிந்தது. புகைக்கூட்டுக்கு உள்ளே இருந்து பார்க்கிறோம் அப்பா, வைக்கோல் தெரிகிறது. நுனி பொசுங்கியிருந்தது.

"எத்தனை நாள் எரித்தீர்கள்?" என்று கேட்டார். பதினைந்து நாள் என்றேன். அவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். "உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்" என்றார். அப்படி அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வீடு வாங்க முதல் அதைப் பார்த்தது நான். வேறு ஆளை வைக்கலாம் என்று நிருஜன் சொன்னான். "நான்தானே இந்த வேலை செய்யிறன்" என்றேன். இரண்டு நாள் பார்த்தேன். ஒவ்வொரு மரப் பொருத்தையும், ஒவ்வொரு முளையையும். மரம் அவ்வளவு அழகு. புகைக்கூட்டைக் கீழே இருந்து பார்த்து 'நல்லது' என்று எழுதினேன். மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளை நேற்று எடுத்துப் பார்த்தேன், என் கையெழுத்துத்தான்.

அடுப்பு எரிவதில்லை. தொட்டில் மற்ற அறையில். கமரா காட்டாத ஓட்டைகளும் இருக்குமாம், 26ஆம் திகதி கோலின் திரும்ப வந்து புகை விட்டுப் பார்ப்பார். பிறகு உள்ளே உருக்குக் குழாய் இறக்கவேண்டும். ஆனால் எனக்கு இப்போது வீட்டுக்குள் எந்த மணமும் புகை மணமாக இருக்கிறது. பாணை வாட்டினால் மேலே ஓடிப்போய்ச் சுவரைத் தொடுகிறேன். புறங்கையால். நிருஜனுக்கு இந்த மாதம் ஆஸ்பத்திரியில் தொடர்ந்து வேலை. நானும் திரும்ப வேலைக்குப் போகவேண்டும், யாழைப் பார்க்கக் கேட்ட பெண் இந்த மாதம் முடியாது என்றாள்.

மார்கழி வரை பொறுக்கவேண்டாம். நீங்கள் இப்போது வரமுடியுமா? அம்மாவைக் கேட்டேன். தனக்கு லீவு இல்லை என்றா, பிறகு, "அப்பாவைக் கேள். அவர் வரமாட்டார். ஏன் எண்டும் அவரையே கேள்" என்றா. ஆகவே கேட்கிறேன். ஏன் அப்பா?

மிதுனா


குரோருட்
13 நவம்பர் 2024

அன்புள்ள மிதுனாவுக்கு,

இதை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். கடதாசிக் குப்பையை வேறாகப் போடவேண்டும் என்று மற்றவர்களுக்குச் சட்டம் சொல்லுகிற ஆள், இதை மட்டும் யாரும் ஒட்டிப் பார்த்துவிடுவார்கள் என்று சாப்பாட்டுக் குப்பையோடு போட்டேன்.

91ஆம் ஆண்டு. அம்மாவும் நானும் கலியாணம் செய்து ஒன்றரை வருடம். இடம்பெயர்ந்து போய், தெரிந்தவர் காணியில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். ஒரு பின்னேரம். எங்கேயோ பக்கத்தில் ஷெல் விழுந்தது, எங்களுக்கு மேல் விழவில்லை. பொறி ஒன்று பறந்து வந்து கூரையில் இருந்தது. நீ கூரையைத் தடிப்பு என்று எழுதினாய். கிடுகு தடிப்பில்லை. அது எரிய ஒரு கைதட்டுகிற நேரம் போதும்.

நான் முன் அறையில் றேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். மேலே சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அதற்குப் பிறகு நான் வேலிக்கு வெளியே ரோட்டில் நிற்கிறேன். கையில் றேடியோ. அது இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

அம்மா குசினியில், அடுப்படியில் இருந்தா. அது எனக்குத் தெரியும். தெரியாது, அவ கிணற்றடிக்குப் போயிருந்தா என்று நினைத்தேன் என்று எல்லாருக்கும் சொன்னேன். அம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு முதல்தான் எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுப் போனவ.

அவ தானாகவே பின்பக்கத்தால் சுற்றி வந்தா. ஒரு பக்கத் தலைமயிர் பொசுங்கி, சீலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்தா. றேடியோவைப் பார்த்தா. "பாடுதோ?" என்று கேட்டா.

அவ்வளவுதான். இந்த முப்பத்துமூன்று வருடத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சண்டை போட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

நீ நினைக்கிறாய் அப்பாவுக்குக் கூரைக்குப் பயம் என்று. கூரைக்கு இல்லை, பிள்ளை. எனக்கு என் காலுக்குப் பயம். அது என்னைக் கேட்டுப் போவதில்லை. கொங்கிரீட் வீட்டில் அதற்கு வேலை வரவில்லை, ஆகவே ஊரெல்லாம் என்னை நல்ல மனுசன் என்று நினைக்கிறது. நீ யாழைப் பார்க்க வரச்சொல்லிக் கேட்கிறாய். பார்க்க வருகிற ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டு கேட்கவேண்டும். அதுதான் எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு "வேண்டாம்" என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், வராமல் இருப்பேன்.

அம்மாவுக்கு இதை வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தா. இப்போது உள்ளே என்னுடைய காலுறைகளைச் சோடி பார்த்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்கிறா.

அப்பா


ஆஷ்மியர், உங்கள் வீட்டு மேசை
26 நவம்பர் 2024, பின்னேரம் இரண்டரை

மிதுனா,

நீ வேலையால் வர முதல் இதை எழுதி முடிக்கவேண்டும். கோலின் நாளைக்கு உனக்குப் போன் எடுப்பார். நல்ல மனுசன், ஆனால் கதைகாரன், இதைச் சிரிப்பாகச் சொல்லுவார். அவர் சொல்ல முதல் நான் சொல்லவேண்டும்.

யாழ் சுகம். தோட்டத்துக் கதிரைக்குப் பக்கத்தில் தன் வண்டிலில் இரண்டு போர்வையோடு இருந்து என்னைப் பார்க்கிறாள். யன்னலால் நான் அவளைப் பார்க்கிறேன். மூன்று எட்டுத் தூரம். அளந்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நீ காலையில் தெளிவாகச் சொன்னாய். "அப்பா, பதினொரு மணிக்கு அவர் அடுப்புக்குள்ளை புகைக் குளிசை கொளுத்தி, மேலை புகைக்கூட்டு வாயை மூடி, எங்கை ஒழுகுது எண்டு பாப்பார். நெருப்பில்லை. புகைதான். அதுக்கு முதல் யாழைத் தோட்டத்துக்குக் கொண்டு போங்கோ." நான், "ஓம், ஓம், நான் புகை காணாத ஆளோ" என்றேன். கோலினும் வந்து அதையே கையால் காட்டினார். எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை.

பதினொன்றுக்கு இன்னும் ஐந்து நிமிடம். யாழ் நல்ல நித்திரை. இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று அறை வாசலில் நின்றேன். கோலின் நேரத்துக்கு முதலே கொளுத்திவிட்டார்.

நீ தொட்டிலை மற்ற அறைக்கு மாற்றினாய், சரி. ஆனால் உன் வீட்டில் நடுச்சுவர் கூரை வரை போகவில்லை, பிள்ளை. உத்தரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே ஒரே கூரை, ஒரே இருட்டு. புகை முதலில் புகைக்கூட்டு அறையில் மூன்று இடத்தால் வந்திருக்கவேண்டும். எனக்குத் தெரிந்தது, யாழின் தொட்டிலுக்கு மேலே உத்தரத்தைத் தாண்டி வழிந்து இறங்கினது. வெள்ளையாக, அவசரம் இல்லாமல், பால் மாதிரி.

அடுத்தது நான் வெளியே ரோட்டுப் படலையடியில் நிற்கிறேன்.

அந்த ஒடுங்கின படியால் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. காலில் ஒரு செருப்பு. கை இரண்டும் வெறும் கை. கூரைப் பக்கம் பார்த்தேன். புகை இல்லை, நெருப்பு இல்லை. அழகான வீடு, சத்தியமாக. வைக்கோலின் மேல் ஒரு காகம் இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று உன்னிடம் பொய் சொல்ல விருப்பம். அரை நிமிடம் என்று எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை. எனக்குத் தெரியாது. ரோட்டால் ஒரு கார் போனது, அதற்குப் பிறகு இன்னொரு கார் போனது.

பிறகு திரும்பி உள்ளே போனேன்.

இதில் வீரம் ஒன்றும் இல்லை, கேள். அழுதுகொண்டு போனேன். சோதனைப் புகைதான் என்று தலைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. படியில் கையையும் ஊன்றித்தான் ஏறினேன். நிலையில் நெற்றியை இடித்தேன், அந்தக் காயத்தைத்தான் நீ வந்ததும் கேட்பாய். அறை முழுக்க மங்கல். யாழ் முழித்திருந்தாள். அழவில்லை. வெளிச்சத்தில் புகை அசைவதைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். போர்வையோடு சேர்த்துத் தூக்கினேன். இறங்கும்போது ஒவ்வொரு படியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பதின்மூன்று படி.

வெளியில் கோலின் ஏணியிலிருந்து இறங்கி வந்து, "சோதனைதான் ஐயா, சோதனைதான்" என்றார். நான், "யெஸ், யெஸ்" என்றேன். அவர் என்னையும் குழந்தையையும் பார்த்துவிட்டுத் தன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சீனி கூட. பிறகு வீட்டுப் படத்தில் ஒழுகின இடங்களை வட்டம் போட்டார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் இன்னும் ஒரு கிழமை தாங்கியிருக்காது என்கிறார். அந்தத் தாள் இதற்குக் கீழே இருக்கிறது. யன்னல் எல்லாம் திறந்துவிட்டிருக்கிறேன், வீடு குளிர்.

சில நிமிடப் புகையாவது யாழின் நெஞ்சுக்குப் போயிருக்கும். டொக்டரிடம் காட்டு. ஐந்து நிமிடம் நித்திரை கொள்ளட்டும் என்று விட்டது என் பிழை. ஓடினதும் என் பிழை. இரண்டையும் ஒன்றாக்கவேண்டாம், வேறு வேறாக வைத்து யோசி.

நாளைக்கும் யாழை என்னிடம் விட்டுப் போவதா என்று நீயும் நிருஜனும் பேசி முடிவு செய்யுங்கள். நான் கேட்காத மாதிரி வெளியில் நடந்துவிட்டு வருகிறேன். வேண்டாம் என்றால் வெள்ளிக்கிழமை பிளேன் இருக்கிறது. மனத்தாங்கல் இருக்காது. இல்லை, இருக்கும், ஆனால் உங்களில் இருக்காது.

அம்மாவுக்கும் நானே சொல்லுவேன். இந்த முறை போனில்.

அப்பா


27 நவம்பர், காலை

அப்பா,

ராத்திரி சாப்பாட்டு மேசையில் நான் இதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை, ஏனென்றால் கதைத்திருந்தால் அழுதிருப்பேன், நீங்கள் பகிடி விட்டிருப்பீர்கள். நிருஜனும் வாசித்தான்.

நேற்றிரவே டொக்டர் பார்த்துவிட்டா, யாழின் நெஞ்சு சுத்தம். குழாய் இறக்கத் திங்கட்கிழமை வருகிறார்கள், அதுவரை ஒரு தீக்குச்சியும் இல்லை. நடுச்சுவருக்கு மேலே அடைப்பதற்கு நானே வரைந்திருக்கிறேன், ஆனால் சரியா என்று வேறு ஒரு ஆள் வந்து பார்ப்பார். நான் பார்த்ததை நான் மட்டும் பார்ப்பதில்லை இனி.

நிருஜன் ஆறு மணிக்கே போய்விட்டான். நான் எட்டரை பஸ்ஸில் போகிறேன். நீங்கள் இன்னும் நித்திரை, எழுப்பவில்லை. யாழின் தொட்டிலை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

பத்து மணிக்கு வாழைப்பழம் மசித்துக் கொடுங்கள். பதினொன்றுக்கு நித்திரை கொள்வாள். நான் ஐந்து மணிக்கு வருவேன்.

மிதுனா